கொடி உயர்ந்தது

பதினாறு வருடம் கால்பந்தில் இடது ஓரத்தில் விங்கராக ஓடிய டெலஸ்போர் இப்போது பயிற்சியாளர். அவர் நிற்பதற்கென்று சுண்ணாம்பில் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள்; நிற்கத்தான் அவருக்கு வராது. தன் அணி விங்கர் பந்தோடு கிளம்பினால், இவரும் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடுவார். இறுதிப்போட்டியில் அதே ஓரத்தில் கொடி பிடித்த லைன்ஸ்மேன் கஸ்பார், ஒரு காலத்தில் டெலஸ்போரை மறித்து மறித்தே முட்டி தேய்ந்த டிஃபென்டர்.

கடைசி நிமிடம். விங்கர் பந்தோடு பறந்தான், வெளியே டெலஸ்போரும் பறந்தார். குறுக்கே கஸ்பார். டெலஸ்போர் இடது தோளைச் சாய்த்துக் காட்டிவிட்டு வலப்பக்கம் நழுவினார். அந்தக் காலத்தில் ஏமாந்த அதே தோளுக்குக் கஸ்பார் இன்றும் ஏமாந்து குப்புற விழுந்தார். அங்கே பந்து வலைக்குள் போனது. இங்கே, விழுந்த இடத்திலிருந்தே கொடி உயர்ந்தது.

நடுவர் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். "யாருவே ஆஃப்சைடு? பந்து அடிக்க முந்தியே டிஃபென்டரத் தாண்டி நின்னது யாரு?"

கஸ்பார் வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு டெலஸ்போரைக் கைகாட்டினார்.

"கோல் கோல்" என்று கத்திக்கொண்டு வந்த பதினொரு பேரையும் விலக்கிக்கொண்டு டெலஸ்போர் நடுவர் முன்னால் போய் நின்றார்.

"கோலு கெடக்கட்டும் சார்! பந்து அடிச்ச பொறவுதான் நான் இவனத் தாண்டினேன்!"