முப்பதுக்கு மேல் போனால்

“முப்பதைத் தாண்டிடுமாண்ணே?”

கேட்டவள் அடித்தளத்து ஆவண அறையின் எழுத்தர். ஜன்னலே இல்லாத அந்த அறையில், கூரை வரை அடுக்கிய கோப்புகளுக்கு நடுவே எட்டு வருடமாகத் தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பவள். பதில் சொல்ல வேண்டியவர் வெளியிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக். அவர் கையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு யுஎஸ்பி சென்சார் இருந்தது.

“பொறும்மா. இன்னும் சொருகவே இல்ல, அதுக்குள்ள தாண்டுமா தாண்டாதான்னா?”

ஒரு முழ நீளக் கேபிளைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகி, அதன் மறுமுனையில் சென்சாரை மாட்டி மேசை மேல் வைத்தார். அதற்கான மென்பொருளையும் ஏற்றினார். வெப்பம், ஈரப்பதம் என்று திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன.

“பன்னிரண்டு மணிக்கு இது என்ன காட்டுதோ, அது தானா மேல மேனேஜருக்குப் போயிடும். முப்பதுக்கு மேல இருந்தா இந்த அறையில ஆள் உட்காரக் கூடாது, மாடிக்கு மாத்திடணும்னு ஹெட் ஆபீஸ் உத்தரவாம்.”

“தெரியும்ணே. உத்தரவு வந்த மூணு நாளா எனக்குச் சோறே இறங்கல.”

திரையில் 28.6 என்று வந்தது. அவள் நீளமாகப் பெருமூச்சு விட்டாள். மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய தங்கையும் இப்படித்தான், ஆசைப்பட்டதை வாய் திறந்து கேட்கவே மாட்டாள்.

“மாடியைப் பார்த்தேம்மா. ஏசி என்ன, பெரிய பெரிய ஜன்னல் என்ன! அங்க போய் உட்கார்ந்தா ஜம்முனு இருக்கும்.”

“ஆமாண்ணே” என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இந்தக் கம்ப்யூட்டரோட சூடும் இதுல சேர்ந்துடுமா?” என்று கேட்டாள்.

“கேபிள் இல்லாம நேரா பின்னாடி சொருகினா சேரும். உள்ளே இருக்கிற ஃபேன் தள்ளுற சூடெல்லாம் இதுமேலதான் அடிக்கும். மூணு டிகிரி கூடவே காட்டும்.”

“அடேயப்பா, மூணு டிகிரியா!”

அவள் கண்கள் அகல விரிந்தன. கெட்டிக்காரப் பெண், சொல்லாமல் சொல்கிறாள் என்று மெக்கானிக் எடுத்துக்கொண்டார். இருபது வருடத் தொழிலில் அவர் ஒரு தில்லுமுல்லும் செய்ததில்லை. ஆனாலும் ஜன்னல் இல்லாத அறையில் எட்டு வருடம் என்றால் சும்மாவா?

பதினொன்றரைக்கு அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள். அவர் கேபிளை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, சென்சாரை நேராகக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினார். அவளோ வழியில் யாரிடமோ மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு அடித்த பிறகுதான் பாட்டிலோடு திரும்பி வந்தாள். திரையில் 31.4 என்றிருந்தது.

“ஐயோ!”

“கண் கலங்காதம்மா” என்றார் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி. “நம்ம கைவேலைதான். மேல போயாச்சு. அண்ணன்னு கூப்பிட்டே, இதுகூடச் செய்யலேன்னா எப்படி?”

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் வாய் அடைத்துப் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். மேசைத் தொலைபேசி அடித்தது. அவள் அசையாததால், அவரே ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார். மேனேஜரின் குரல் அறை முழுவதும் கேட்டது.

“பார்த்துட்டேம்மா, முப்பத்தொண்ணு புள்ளி நாலு! உடனே மேல வந்துடு, என் பக்கத்துலயே உனக்கு மேசை போடச் சொல்லிட்டேன். வீட்டுலதான் என் பையன் குறுக்க குறுக்க வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடறான், இனிமே காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் மாமியாரும் மருமகளும் பேசிக்கிட்டே இருக்கலாம்!”