பிரேக்குக்கு ஒரு பேரம்

"சார், நாலாவது தடவையா கூப்பிடறேன். பிரேக்குல கோளாறுன்னு கம்பெனியே ரீகால் போட்டிருக்குது. சும்மாவே மாத்தித் தர்றோம். வண்டியை எடுத்துக்கினு வாங்க."

வாலாஜாபாத் ரோடு சர்வீஸ் சென்டரில் ஷாரோனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. எதிர்முனையில் மணிவண்ணன். பட்டுப்புடவைக் கடைக்காரர், இலவசமாகத் தந்தாலும் கொசுறு கேட்பவர்.

"வர்றேம்மா. அப்படியே ஏ.சி. சத்தத்தையும் சும்மா சரி பண்ணிக் குடு."

"அது ரீகால் இல்ல சார், சர்வீஸ் புல்லட்டின். எப்படிச் சரி பண்றதுன்னு மெக்கானிக்குக்குக் கம்பெனி அனுப்பற குறிப்பு, அவ்வளவுதான். வாரன்ட்டி முடிஞ்சிட்டா காசு கட்டணும். பிரேக்கு உயிர் சமாச்சாரம். அதனாலதான் எல்லாரையும் நாங்களே கூப்பிடறோம்."

"நீங்களே கூப்பிடறீங்கன்னா அவசரம் உங்களுக்குத்தாம்மா. அவசரப்படறவங்கதான் விட்டுக் குடுக்கணும். முப்பது வருஷமா கல்லாவுல உக்காந்துக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஷாரோன் தலையில் அடித்துக்கொண்டாள். பேச்சையெல்லாம் பதிவு செய்யும் ஆபீஸ் போனை வைத்துவிட்டு, தன் செல்லில் அதே நம்பரைப் போட்டாள்.

"அப்பா, இப்ப சர்வீஸ் சென்டர் பேசல. உம் பொண்ணு பேசறேன். அந்த வண்டியிலதான் தினமும் அம்மாவ ஸ்கூல்ல விடற. பிரேக் விஷயத்தை அம்மாகிட்ட சொல்லட்டா?"



"எத்தினி மணிக்குக் கொண்டாரணும் மேடம்?"