காற்று வண்டிக்கு ஒரு ஹாரன்

தலைவர் தேவநாதன் மறுபடியும் ஹாரனை அழுத்தினார்.

தனியார் பஸ்களில் இருக்குமே, ஊரையே ஓரம்போகச் சொல்லும் ஏர் ஹாரன், அதுதான்.

பீங்கான் பொம்மைக் கம்பெனி வாசலில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் எதற்குத் தலைவர் என்று விருத்தாசலத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. மாலை போட்டால் வருவார்.

வண்டி சிங்காரவேலுடையது. கம்பெனியில் பொம்மைகளுக்குப் பளபளப்புப் பூச்சு அடிக்கும் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்பவன். பெட்ரோலே வேண்டாம், அடைத்த காற்று போதும் என்று பழைய ஆட்டோ ஒன்றில் சிலிண்டரைப் பொருத்தி, இன்ஜினையும் அதற்குத் தோதாக மாற்றியிருந்தான்.

இன்றைக்கு ரயில்வே ஜங்ஷன் வரை ஓடினால் முதலாளி கோதண்டபாணி தனி ஷெட் போட்டுத் தருவார். ஓடாவிட்டால் சிலிண்டர் பூச்சு வேலைக்குத் திரும்பும். அவனும் திரும்புவான்.

"இனிமே அரபு நாட்டுக்காரன் நம்மூருல வந்து கியூவுல நிப்பான்" என்றார் தலைவர். அந்த வாக்கியத்துக்கு ஒரு ஹாரன். பூசணிக்காய் உடைத்ததற்கு ஒன்று. போட்டோவில் கண்ணை மூடிவிட்டாராம், அதற்கு நீளமாக இன்னொன்று.

ஹாரனுக்கும் இன்ஜினுக்கும் ஒரே சிலிண்டர். சிங்காரவேல் பக்கத்திலேயே கைகட்டி நின்றான். மீட்டர் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் வால்வைத் திறந்தார்கள். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம்கூட நசுங்கவில்லை.

மறுபடி காற்று அடைக்கக் கரண்ட் வேண்டும். அது சாயங்காலம்தான் வரும். தலைவருக்கோ ஸ்ரீமுஷ்ணத்தில் இன்னொரு மாலை காத்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் சிங்காரவேலின் மனைவி திரௌபதி தலையிலடித்துக்கொண்டாள். "ஓட்டச் சொன்னா, ஊதியே தீத்துட்டுப் போறாரே அந்த மனுசன்."

கோதண்டபாணிக்கும் அதே கோபம். சிங்காரவேலின் தோளில் கைவைத்தார்.

"வுடு சிங்காரம், ஒம்மேல தப்பு இல்ல. அடுத்த மாசம் திரும்ப வெச்சிக்கலாம். தலைவரு கிலைவரு யாரும் வேணாம். மொதல்ல அந்த ஹாரனக் கழட்டிப் போடு."

"சரிங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான். முதலாளியின் நல்ல மனசை நினைத்து என்று திரௌபதி எண்ணிக்கொண்டாள்.

நேற்று கம்பெனிக்கு லீவு. ஆளில்லாத வளாகத்தில் சிலிண்டரை முழுக்க நிரப்பி ஓட்டிப் பார்த்திருந்தான். வழக்கம்போல் வாசல் கேட்டோடு நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டுவிட்டு, நேராக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் அந்த ஹாரனை வாங்கிவந்தான்.