திட்டத் தெரியாத குரல்

வாஷர் வாங்கி வந்து குளியலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் என் கணவர் ஜெபமணி கடைக்குக் கிளம்பினார். வழியிலேயே மாரடைப்பு. உடலாகத்தான் வீடு வந்தார்.

சிறார் சீர்திருத்த இல்லத்திலிருந்து வெளிவந்த ஷெர்லிக்கு அவர் அரசு நியமித்த வழித்துணை. வழித்துணை இறந்துபோனால், இருவரும் சந்தித்த நேரங்களின் ஒலிப்பதிவுகளை வைத்து இயந்திரத்தில் அதே குரலைச் செய்து பிள்ளையின் காதில் பேசவிடுவார்கள்.

ஒரு மாதம் கழித்து ஷெர்லி வந்தாள்.

“அத்தை, அது மாமாவே இல்ல. பழைய கூட்டாளிங்க கூப்பிடுதாங்க, போகட்டுமான்னு கேட்டேன். ‘உங்கள் விருப்பத்தை மதிக்கிறேன்’னு சொல்லுது.”

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவளுடைய தப்பு அதிகாரிகள் காதுக்குப் போகக் கூடாதென்று, திட்டும்போதெல்லாம் அவர் பதிவை அணைத்துவிடுவார். அந்தக் குரலுக்குத் திட்டு எப்படித் தெரியும்?

“போனேன்னா கால ஒடிச்சிப்புடுவேன். மூஞ்சியக் கழுவிட்டு வா, சோறு வைக்கேன்,” என்று நானே திட்டினேன்.

“மாமா இத விட மோசமால்லா திட்டுவாவ,” என்றபடி உட்கார்ந்தாள். அவர்களிடம் போகவில்லை.

ஆளில்லாத வீட்டில் நான் திட்டுவதற்கும் ஒருத்தியை அவர் விட்டுப்போயிருக்கிறார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை.

எவ்வளவு திட்டினாலும் ஷெர்லி இப்போதும் செருப்பை வாசலில் திசைக்கொன்றாகத்தான் உதறிப்போடுகிறாள்.