பந்தலில் வந்தடைந்த ராணி

அறுபத்தொன்பதாம் வருஷத்து மாசி வெயில், திருவள்ளூர் வீட்டுக் கொல்லையில் திறந்து கிடக்கும் தேனீப் பெட்டிமேல் சாய்ந்து விழுகிறது. தெருவையே கொட்டும் அந்தக் கூட்டத்தின் ராணியை ஸம்பத்குமார் இரு விரல்களில் பிடித்திருக்கிறார். அதன் இடத்தில் விடுவதற்குச் சாதுவான ராணி ஒன்றைப் பழவேற்காட்டிலிருந்து தீப்பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார் தேனீ வளர்க்கும் ஹயாத் பாஷா. அவர் சட்டைப் பையில் அது முனகுகிறது. “பழச நசுக்கினாதான் சாமி, கூட்டம் புதுச சேத்துக்கும்.” “இது எம் பொண்ணு கல்யாணப் பந்தல்ல கூட்டத்தோட வந்து அடைஞ்சது, பாய். அவ ஆம்படையானோட வடக்கே பிலாய்க்குப் போயிட்டா. இது இங்கயே இருக்கு. நீங்களே நசுக்கிடுங்கோ.” பாஷா கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். “என்னால ஆவாது சாமி. புதுச நான் ஊட்டுக்கே எடுத்துக்கினு போறேன்.” ஸம்பத்குமார் பழைய ராணியை அடைமேல் மெல்ல இறக்கிவிடுகிறார். உடனே ஒரு தேனீ அவர் புறங்கையில் கொட்டுகிறது. அவர் கையை எடுக்கவில்லை.