பின்சீட்டுச் சத்தம்

"இந்தச் சத்தம் மட்டும் போவல்லன்னா வண்டியையும் ஒனக்க ஷெட்டையும் சேத்துக் கொளுத்திருவேன்" என்று தாணுலிங்கம் போட்ட கூச்சல் கோட்டாறு கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அரிசி மில் முதலாளிக்குத் தொண்டை அப்படி.

மெக்கானிக் ரசலையனுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. எஸ்டேட் துரை கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன பிளஷர் கார் அது. வாராவாரம் இதே ரகளை. கதவுக்குள் தென்னைநார் அடைத்தான், கண்ணாடிக்கு ரப்பர் வைத்தான். பின்பக்கத்து டொக்டொக் மட்டும் நிற்கவில்லை. ரசலையனுக்குத் தொழில் தெரியாது என்று நாகர்கோவிலில் பேச்சாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

முதலாளி பெண்டாட்டியையும் விட்டுவைக்கவில்லை. "நீ எதுக்குட்டி இங்க நின்னு பொகை குடிக்கே? பொறத்த உள்ள வீட்ல போயி இரி" என்று விரட்டினார். சொர்ணம்மாள் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு வாத்தியார் குடும்பம் கைக்குழந்தையோடு குடியிருந்தது. அந்த வாசலைத் தாணுலிங்கம் மிதித்ததே கிடையாது. தண்ணீர்கூட அவருக்கு ஷெட்டுக்குத்தான் வரவேண்டும்.

அன்றைக்கு ரசலையன் முதலாளியையே ஓட்டச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் காதை அழுத்திப் படுத்துக்கொண்டான். வடிவீஸ்வரம் தாண்டும்போது சத்தம் நேராகக் காதுக்கடியிலேயே கேட்டது. திரும்பி வந்ததும் சீட்டைப் பிய்த்துக் கவிழ்த்தான். உள்ளே சுருள்கம்பியில், சாக்கு தைக்கிற சணலில் ஒரு நட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"எவனோ வேணும்னே கெட்டி விட்டிருக்கான் மொதலாளி. எனக்க பொழப்பைக் கெடுத்தவனை விடமாட்டேன்" என்றான். சணலைப் பல்லால் கடித்து அறுக்கப் போனான்.

தாணுலிங்கம் சட்டென்று அவன் கையைப் பிடித்தார். பின்வீட்டில் குழந்தை சிரித்தது. சொர்ணம்மாள் கொஞ்சுவதும் கேட்டது. அவர் குரல் முதல்முறையாக ஷெட்டைத் தாண்டவில்லை.

"நீ தொழில் தெரிஞ்சவன்னு ஊர்ல நானே சொல்லுதேன். அதை மட்டும் இருந்த எடத்துலயே விட்டிருடே."

ரசலையன் விழித்தான்.

"மவ மொகத்துல முழிக்க மாட்டேன்னு கற்பூரம் அணைச்சவன் நான். அவ அம்மையை வேற என்ன சொல்லி இங்க கூட்டிட்டு வர?"