திங்கட்கிழமையே வரையப்பட்ட நர்ஸ்

மாலை ஓவிய வகுப்பின் இறுதித் தேர்வு இன்று. இதுவரை யாரும் வரையாத படம் என்று வகுப்பின் கணினி வரைபலகை ஒப்புக்கொண்டால்தான் சான்றிதழ். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே தூங்கும் ஒரு நர்ஸை வரைந்து கொடுத்தேன்.

பலகை சிவந்தது. “ஏற்கெனவே வரையப்பட்டது. திங்கட்கிழமை.”

“யாருடி அது, உன்னை முந்தினது?” என்றாள் பக்கத்தில் இருந்த ஜெசிந்தா.

பலகையேதான். ஆறு மாதமாக என் பயிற்சிகளைத் தேதி போட்டு அதில் ஏற்றிவந்தேன். அடுத்து எதை வரைவேன் என்று கணித்து, அதுவே வரைந்துவிட்டது.

“நான் ஒண்ணுகூட ஏத்தல. அதான் பாஸாயிட்டேன்!” என்று சிரித்தாள்.

அதன் படத்தைத் திறந்து ஒப்பிட்டேன். அதே நர்ஸ், அதே தூக்கம். சாயும் கழுத்துக்காக நான் மூன்று முறை போட்டு, தவறென்று அழித்த கோடு மட்டும் அதில் அழியாமல் இருந்தது. அந்தக் கோடு சரியாகத்தான் இருந்தது.